அழிச்சுட்டேன்மா

நண்பரின் போட்டோ ஸ்டூடியோவுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். ஒருநாள் ஒரு பெண் போனில் கூப்பிட்டார். அவருடைய நிச்சயதார்த்தப் படம் அதில் இருந்தது, கல்யாணம் நின்றுபோயிருந்தது. "அந்தப் படத்தை எடுத்துருங்கண்ணா." ஐந்தே நிமிடத்தில் டேட்டாபேஸில் அந்தப் பதிவை நீக்கிவிட்டு, "அழிச்சுட்டேன்மா" என்றேன். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போன். யாரோ பழைய லிங்க் ஒன்றை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். தொட்டால் படம் அப்படியே வருகிறது.

நடந்தது இதுதான். டேட்டாபேஸில் இருந்தது படம் இல்லை, படத்தின் முகவரி மட்டும். படம் சர்வரில் வேறொரு ஃபோல்டரில் கிடந்தது. நான் பேரேட்டில் பெயரை அடித்தேன். ஆள் வீட்டிலேயே இருந்தார்.

இப்படிப் பிரித்து வைக்கக் காரணம் உண்டு. 2006இல் ஜிம் கிரே உள்ளிட்ட மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அளந்து பார்த்துச் சொன்னார்கள்: 256 கிலோபைட்டுக்குக் குறைந்ததை டேட்டாபேஸுக்குள் வைக்கலாம், 1 மெகாபைட்டைத் தாண்டியதை ஃபைலாக வைப்பதே மேல். அது வேகத்தின் கணக்கு. உள்ளேயே வைத்திருந்தால் பதிவோடு படமும் போயிருக்கும் என்பது அந்தக் கணக்கில் வராது. பெரிய இடங்களிலும் கதை இதுதான். ஃபேஸ்புக் தன் படங்களுக்காகக் கட்டிய ஹேஸ்டாக் என்ற அமைப்பை 2010இல் விவரித்தபோது, அழிப்பது என்றால் முதலில் ஒரு குறி வைப்பது மட்டுமே. இடத்தைக் காலி செய்வது பிறகு.

அப்படியானால் நான் சொன்னது பொய்யா? தெரிந்து சொல்லவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சரிபார்க்க அவருக்கு வழியில்லை, எனக்கு இருந்தது. பார்க்க முடிந்தவன் பார்க்காமலே கொடுத்த உறுதி அது. அதற்கான விலையைக் கொடுத்தவர் அவர்.

எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்குள் போட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? பழைய பேக்கப்பில் படம் இருக்கும். யாராவது டவுன்லோட் செய்திருப்பார்கள். தன் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையை இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் தருகிறது. ஆனால் ஃபோல்டரைத் திறந்து பார்க்க வேண்டியது என்னைப் போன்ற ஒருவன்தான்.

இந்த முறை ஃபைலை அழித்தேன். அதன் சின்ன அளவுப் பிரதிகளையும் தேடி அழித்தேன். பழைய லிங்க்கை நானே தொட்டுப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். "சர்வர்லேர்ந்து போயிடுச்சும்மா. பேக்கப்ல இன்னும் முப்பது நாள் இருக்கும், அப்புறம் அதுவும் போயிடும். யாராச்சும் சேவ் பண்ணி வெச்சிருந்தா, அது என் கையில இல்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றார்.