அந்தியோகியாவின் பந்தியும் தமிழகத் திருச்சபையும்

கிறிஸ்தவ வரலாற்றில் உண்மைக்காகத் துன்புற்றவர்கள் என்றதும், அரசனின் முன் நின்று நம்பிக்கையை மறுதலிக்க மாட்டோம் என்று சொல்லி உயிர்துறந்த மறைசாட்சிகளே முதலில் நினைவுக்கு வருகின்றனர். அவர்களுடைய துணிவில் ஐயமில்லை. ஆயினும் அங்கே உண்மை ஒரு பக்கமும் பகை மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்பதால், எந்தப் பக்கம் நிற்பது என்ற மயக்கத்துக்கு இடமில்லை. உண்மை சபையின் உள்ளிருந்தே எழுந்து, சபையாரின் சோற்றுப் பந்தியையும் கொள்வினை கொடுப்பினையையும் தொடும்போது எழும் சோதனை வேறு வகையானது. அதன் மிகப் பழைய பதிவு, பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் உள்ளது.

சிரியா நாட்டு அந்தியோகியா நகரத்துச் சபையில் யூதரும், புறஇனத்தார் என்று அழைக்கப்பட்ட யூதரல்லாதவரும் ஒரே பந்தியில் உண்டு வந்தனர். எதை உண்பது, யாரோடு உண்பது என்பவற்றில் தூய்மை விதிகளைக் காத்து வந்த யூத மரபில் இது சிறு மாற்றமன்று. அங்கே வந்த பேதுரு முதலில் எல்லோருடனும் தயக்கமின்றி உண்டார். எருசலேம் சபையின் தலைவரான யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்து சேர்ந்ததும், அவர்களுக்கு அஞ்சி மெல்ல ஒதுங்கினார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும், பவுலின் உடனூழியரான பர்னபாவும்கூட ஒதுங்கினர். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார். இங்கே பேதுரு எந்தக் கோட்பாட்டையும் மறுக்கவில்லை, தவறான போதனை எதையும் சொல்லவில்லை, ஓர் இருக்கையை விட்டு எழுந்தார், அவ்வளவே. அந்த எழுகையே நற்செய்தியின் உண்மைக்கு மாறானது என்று பவுல் தீர்ப்பளித்தார். உண்மை என்பது ஒப்புக்கொள்ளும் வாக்கியத்தில் மட்டுமன்றி, உட்காரும் இடத்திலும் இருக்கிறது என்ற இக்கருத்து, கிறிஸ்தவ சிந்தனையில் அன்று தொட்டு இன்று வரை ஒரு முள்ளாகவே இருந்து வருகிறது. இந்நிகழ்ச்சியைப் பவுலின் வாயிலாக மட்டுமே அறிகிறோம். அப்போஸ்தலர் நடபடிகள் இதைப் பற்றிப் பேசுவதில்லை, பேதுருவின் மறுமொழியும் எங்கும் பதிவாகவில்லை.

இரு பெரும் அப்போஸ்தலர்கள் பொதுவில் மோதிக்கொண்டனர் என்பது பின்வந்தவர்களுக்குப் பெரும் சங்கடமாயிற்று. கிறிஸ்தவத்தை எதிர்த்த தத்துவ ஞானி போர்பிரி இதை எடுத்துக் காட்டி எள்ளவும் செய்தார். எனவே ஓரிகன் தொடங்கி வைத்த விளக்கத்தை ஏற்று, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம், அது உண்மையான சண்டையன்று என்றும், சபையாருக்குப் பாடம் புகட்ட இருவரும் ஒத்துக்கொண்டு நடத்திய பாவனை என்றும் உரை எழுதினார். வட ஆப்பிரிக்காவின் அகுஸ்தீன் இதை ஏற்கவில்லை. நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்பட்ட பொய் ஒன்று வேதத்தில் உண்டு என்று ஒப்புக்கொண்டால், பின்பு வேதத்தின் எந்த வாக்கியமும் உறுதியாக நில்லாது என்று அவர் ஜெரோமுக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் உரியவருக்குப் போய்ச் சேருமுன்பே ஊரெங்கும் படிக்கப்பட்டு, ஜெரோமைச் சினம்கொள்ள வைத்தது தனிக்கதை. 405-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நீண்ட மறுமொழியில் அகுஸ்தீன் மேலும் ஒரு படி சென்றார்: தனக்குக் கீழ்ப்பட்டவர் தன்னைத் திருத்தியபோது பேதுரு அதைத் தாழ்மையுடன் ஏற்றுக்கொண்டார் என்று கொண்டு, கண்டித்த பவுலின் துணிவைவிடக் கண்டனத்தை ஏற்ற பேதுருவின் எடுத்துக்காட்டே அரியது, புனிதமானது என்றார்.

அகுஸ்தீனின் இம்மதிப்பீட்டை அளவுகோலாகக் கொண்டால், மெய்யான நம்பிக்கை எங்கே வெளிப்படுகிறது என்ற கேள்வியின் திசையே மாறிவிடுகிறது. கசப்பான உண்மையை யார் சொன்னார் என்று தேடுவதை விட்டு, அது யாரைக் குறித்ததோ அவர் அதைக் கேட்டு என்ன செய்தார் என்று பார்க்க வேண்டியதாகிறது. சாதி பற்றிய தமிழகத் திருச்சபைகளின் நீண்ட வழக்கு இவ்வாறு படிக்கத் தக்கது. ஏனெனில் அங்கே உண்மையைச் சொல்ல ஆள் இல்லாத காலம் அரிது.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நொபிலி, உயர்சாதியினர் அணுகத் தக்க துறவியாகத் தம்மை அமைத்துக்கொண்டதும், அவருக்குப் பின் உயர்சாதியினருக்குப் பிராமண சந்நியாசிகள், ஏனையோருக்குப் பண்டாரசாமிகள் என்று மறைப்பணியாளரே இரு வகையாகப் பிரிந்ததும் பலரும் அறிந்தவை. சீர்திருத்தச் சபையிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கிய தரங்கம்பாடியில் உருவான லுத்தரன் சபையில் மக்கள் சாதிவாரியாகப் பிரிந்தே அமர்ந்தனர். அச்சபையின் மிகத் திறமையான உபதேசியார்களுள் ஒருவர், தஞ்சைப் படையில் வீரராக இருந்து வந்த ராஜநாயக்கன். அவர் பறையர் குலத்தவர். 1733-இல் வேளாளரான ஆரோனும், 1741-இல் தியோகுவும் குருப்பட்டம் பெற்றனர். ராஜநாயக்கனுக்கோ, அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து பெற மாட்டார்கள் என்ற அச்சத்தால், அப்பட்டம் கடைசி வரை வழங்கப்படவில்லை. மிஷனரிகள் அவருடைய தகுதியை மறுக்கவில்லை என்பதே இதில் கவனிக்கத் தக்கது. அந்தியோகியாவில் பேதுரு அஞ்சியது போலவே இவர்களும் பந்தியில் இருந்தவர்களுக்கு அஞ்சினர்.

நூறாண்டு கழித்து அந்த அச்சத்தை உடைக்க முயன்றவர் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன். சாதி வேறுபாடு சபைக்குள் உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று 1833-இல் அவர் சுற்றறிக்கை விடுத்ததும், வேப்பேரி, தஞ்சாவூர் முதலிய இடங்களில் பெருந்தொகையினர் சபையை விட்டு விலகினர். தஞ்சையில் இவ்வெதிர்ப்பின் குரல் அதற்கு முன்பே எழுந்திருந்தது. அதன் முதன்மையான பேச்சாளர் வேறு யாருமல்லர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவரும் அவரைச் சேர்ந்தோரும் சாதியை மட்டும் தனியே பிடித்து வாதிடவில்லை. பப்ரிசியுஸின் பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், பண்டிகைகளின் அலங்காரங்களை நிறுத்துகிறார்கள், ஆலயத்தில் தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள், இவற்றோடு சேர்த்து எங்களைக் கட்டாயப்படுத்திக் கலந்து உட்காரச் செய்கிறார்கள் என்று புதிய மிஷனரிகள் மீது நான்கு குறைகளை ஒன்றாகக் கட்டி வைத்தனர்.

இக்கட்டைப் பிரித்துப் பார்ப்பதில்தான் நேர்மை இருக்கிறது. முதல் மூன்று குறைகளில் நியாயம் உண்டு. தமிழரின் இசையையும் மலரையும் அயல்நாட்டார் ஒருவர் சமயத்துக்குப் புறம்பானவை என்று தள்ளுவது பண்பாட்டுச் செருக்கே அன்றி வேறில்லை. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர், நிறத்தாலும் பதவியாலும் உள்ளூராரிடமிருந்து தம்மை ஒதுக்கிக்கொண்டு வாழ்ந்ததும் ஊரறிந்த செய்தி. வில்சன் சொன்ன உண்மை அவருக்கு எவ்வித இழப்பையும் தரவில்லை. கேட்டவர்களுக்கோ உறவும் மானமும் போயின. ஆனால் சொன்னவரின் குறை, சொல்லப்பட்டதன் மெய்மையைக் குறைத்துவிடுவதில்லை. மூன்று நியாயமான மனக்குறைகளின் நிழலில் நான்காவதான ஒரு நியாயமின்மை ஒளிந்துகொண்டது. ஆலயத்தின் மறுபுறம் உட்கார்ந்திருந்த பறையர் கிறிஸ்தவர் அந்த நான்காவது குறையைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அக்குறைகளின் பட்டியலுக்குள் இடம்பெறவேயில்லை. சங்கடமான உண்மையிலிருந்து தப்ப எண்ணுவோர் பொய்யைத் தேடிப் போவதில்லை. இன்னோர் உண்மையை எடுத்து முன்னால் பிடித்துக்கொள்வதே பெருவழக்கு.

1850-இல் கூடிய மதராஸ் மிஷனரி மாநாட்டில் பெரும்பாலான சீர்திருத்த மிஷன்கள் சாதிக்கு எதிராக ஒன்றுபட்டபோது, லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் விலகி நின்றது. சாதி சமூக வழக்கமே, அது காலப்போக்கில் தானே உதிரும் என்பது அதன் தலைவர் கார்ல் கிரௌலின் நிலைப்பாடு. இதற்கு லுத்தரன் இறையியலில் 'அடியாஃபோரா' என்ற கோட்பாடு கைகொடுத்தது. இறைவன் கட்டளையிடாத, தடையும் செய்யாத, எனவே சபையின் விருப்பத்துக்கு விடப்பட்ட காரியங்கள் என்பது அதன் பொருள். இவ்வாதத்தில் அறிவுக்கூர்மை இல்லாமல் இல்லை. கட்டாயத்தால் வரும் சமத்துவம் நிலைக்காது என்று கிரௌல் கண்டதும் பொய்யன்று. எனினும் அதே லுத்தரன் மரபின் 1577-ஆம் ஆண்டு விசுவாச அறிக்கையான 'இணக்க வாய்பாடு', தன் பத்தாம் பிரிவில், நற்செய்தியின் உண்மையே கேள்விக்குள்ளாகும் வேளையில் சாதாரணக் காரியமும் சாதாரணமாக இராது என்று விதிவிலக்கு வகுத்து, அதற்குச் சான்றாகக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தையே காட்டியிருந்தது. விதியை நினைவில் வைத்தவர்கள் விதிவிலக்கை மறந்தனர்.

கத்தோலிக்கத் தரப்பில் இம்மறதி சுண்ணாம்பும் கல்லுமாகவே எழுந்து நின்ற ஊர் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம். அங்கே 1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நீள்கூடங்கள்: ஒன்று பிள்ளைமாருக்கு, மற்றது நாடார் முதலிய ஏனையோருக்கு. இரண்டும் பலிபீடத்தில் சென்று கூடின, நடுவே சுவர். பூசை செய்யும் குரு இரு சாராருக்கும் தெரிவார். ஒரு சாராரை மற்றவர் பார்க்க வேண்டியதில்லை. கட்டடக் கலையைக் கொண்டு மனச்சாட்சிக்கு வழி அமைத்துக் கொடுக்கும் இத்தகைய திறமையை வேறெங்கும் காண்பது அரிது. 1910-இல் கௌசானல் என்ற இயேசு சபைக் குரு அச்சுவரை இடித்தபோது பிள்ளைமார் நீதிமன்றம் சென்றனர். சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமையை மதராஸ் உயர் நீதிமன்றமும் முடிவில் ஏற்கவில்லை. திருவிதாங்கூர் அரசு அலுவலராக இருந்து 1745-இல் இதே வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் மறைசாட்சியாக மாண்ட தேவசகாயம், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய பெயரோடு வழங்கி வந்த பிள்ளை என்ற சாதிப் பட்டத்தை நீக்க வேண்டும் என்ற முறையீட்டை ஏற்று, ரோமாபுரி அதற்கு முன்பே அதைக் கைவிட்டிருந்தது.

விடுதலைக்குப் பின், சபைக்குள்ளும் சாதி உண்டு என்ற இவ்வுண்மை எதிர்பாராத ஒரு திருப்பத்தை அடைந்தது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்து வந்த ஆதி திராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், அரசு வழங்கிய இலவசப் பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1985-இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, பழைய இழிவும் பின்தங்கிய நிலையும் புதிய சமூகத்துக்குள்ளும் அதே கடுமையுடன் தொடர்வதை நிறுவ வேண்டும் என்றது. இதன்படி, தம் மக்களுக்கு உரிமை கேட்கும் திருச்சபைகள், தங்களுக்குள் தீண்டாமை இருக்கிறது என்று தாங்களே சான்று சொல்ல வேண்டியவை ஆயின. ஞாயிறு மறையுரையில் கிறிஸ்துவில் சாதியில்லை. டெல்லிக்குப் போகும் மனுவில் உண்டு. இரண்டையும் சொல்பவை ஒரே சபைகளே.

2003-இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறிஸ்தவரிடையே சாதிப் பாகுபாடு மறைப்பணிக்கே தடை என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. இவை சிறியவையல்ல. ஆயினும் கத்தோலிக்க மரபிலேயே பாவமன்னிப்பு என்னும் திருவருட்சாதனத்தில் மனிதன் செய்ய வேண்டியவை மூன்று: மனத்துயர், அறிக்கையிடுதல், பரிகாரம். பரிகாரமாவது, இழைத்த தீங்குக்கு ஈடு செய்வது. நற்செய்தியில் சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னது போன்றது. ஆயர் பேரவை செய்தது இரண்டாவது. இறந்தவரையும் சாதியால் பிரித்த திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் போன்றவற்றின் நடுவே மூன்றாவதைத் தேட வேண்டியிருக்கிறது.

அறிவிப்புகளைவிட அடுப்படிக்கு அருகில் சென்றவர் மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு. பறட்டை என்ற பெயரில் பாடல் இயற்றிய அவர், பறையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்ததோடு, ஒரே உலையில் சமைத்து உண்பதையே இறைவனின் குடும்பத்துக்கு அடையாளமாக்கினார். கல்லூரி வளாகத்தில் இது கைகூடியது; ஊர்ச் சபைகளில் தடுமாறுகிறது. காரணம் எளிது: ஒரு நாள் ஒரு பானையில் உண்டு கலைவோர், கல்யாணப் பேச்சு வந்ததும் தத்தம் சாதிக்குத் திரும்பிவிடுகின்றனர். கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் 'சி.எஸ்.ஐ. நாடார்', 'ஆர்.சி. வேளாளர்' என்று சபையும் சாதியும் ஒரே மூச்சில் வருவதை யாரும் விந்தையாகக் கருதுவதில்லை. திருச்சபைச் சட்டம் திருமணத் தடைகள் பலவற்றைப் பட்டியலிடுகிறது, சாதி அவற்றுள் இல்லை. மணமக்களின் தடையற்ற சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்பதால், சாதி கடந்து மணம் செய்யுமாறு எந்த ஆயரும் கட்டளையிடவும் இயலாது. திருவிருந்துக் கிண்ணத்தைப் பொதுவாக்க ஒரு சுற்றறிக்கையும், சுவரை இடிக்க ஒரு கடப்பாரையும் போதுமாயிருந்தன. பெண் கேட்டு வரும் வீட்டின் திண்ணையில், பவுலின் அதிகாரத்துக்கு இடமில்லாத நிலையில், உண்மையைக் கேட்பவர் தாமே திருந்தினால் அன்றி வேறு வழி இல்லை.