பிறர் பசியும் நம் ருசியும்

ஊர் சுற்றப் போகிறவர்களின் நாட்டம் இப்போது மாறியிருக்கிறது. முன்பெல்லாம் கோயில், கோட்டை, அருவி என்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். இன்று, 'அந்த ஊர் ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள், சந்தையில் எதை வாங்குகிறார்கள்' என்று பார்க்கக் கிளம்புகிறார்கள். மலேசியாவுக்கு நான்கு நாள் போய்வந்த நண்பர் ஒருவர் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரவுச் சந்தையில் வாங்கித் தின்ற நாசி லெமாக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, மொறுமொறுப்பான நெத்திலி, மிளகாய்ச் சாந்து. "மலாய்க்காரர்களின் வாழ்க்கையையே ருசி பார்த்துவிட்டேன்" என்றார்.

கல்லைப் பார்ப்பதைவிட மனிதரைப் பார்ப்பது மேல். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனிதர் தினமும் உண்பதை ஒரு நாள் உண்டுவிட்டால் அவர் வாழ்க்கையை ருசி பார்த்ததாகுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடக் கடல் கடக்க வேண்டியதில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஐம்பது கிலோமீட்டர் போனாலே போதும். சென்ற தை மாதம் இரண்டு நாள் அந்தப் பக்கம் அலைந்தேன்.

ஓசூர்ச் சந்தையில் ஒரு காய்க்காரம்மாள் ஒருவரிடம் தெலுங்கில் விலை சொல்கிறாள், அடுத்தவரிடம் கன்னடத்தில் பேரம் பேசுகிறாள், கூடையைத் தட்டிவிட்ட பையனைத் தமிழில் திட்டுகிறாள். பாஷைச் சண்டை போடுகிறவர்கள் ஒரு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. இப்போது ஹிந்தியும் ஒடியாவும் சேர்ந்து காதில் விழுகின்றன. கடைகளில் கடுகெண்ணெய்ப் புட்டிகள் அடுக்கியிருக்கின்றன. தை மாதமானதால் எங்கு பார்த்தாலும் மொச்சைக்காய். ஊற வைத்துத் தோலைப் பிதுக்கியெடுத்த பருப்பைத் தனியாகக் குவித்து விற்கிறார்கள். அதில் வைக்கும் குழம்பு அந்தச் சீமையின் பெருமை.

அந்தக் குழம்புக்கு ஏற்ற ஜோடி கேழ்வரகுக் களி. தமிழன் களி என்பதைக் கன்னடத்தார் முத்தெ என்கிறார்கள், தெலுங்கர் சங்கடி என்கிறார்கள். பெயர்தான் மூன்று, உருண்டை ஒன்று. சூளகிரி தாண்டிச் சாலையோரத்தில் ஒரு கிழவி நடத்தும் சாப்பாட்டுக் கடை. கொதிக்கிற நொய்க் கஞ்சியில் மாவைக் கொட்டி, துடுப்பால் அவள் கிண்டியதைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து தோள்வரை நரம்பு புடைத்தது. கட்டி விழாமல் கிண்டுவது பலம் உள்ளவர்களுக்கே கஷ்டம். பக்கத்து மேஜையில் பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம். அந்தக் கனவான் ஓர் உருண்டையை விழுங்கிவிட்டு, "எவ்வளவு சத்து! இதையெல்லாம் ஏன்தான் நம் ஜனங்கள் விட்டுவிட்டார்களோ?" என்று வருத்தப்பட்டார்.

கிழவி சிரித்தாள். "எம் பேத்திக்குத் தொண்டையில எறங்காது சார். எங்க காலத்துல அரிசிச் சோறுன்னா பண்டிகைக்குத்தான். மூணு வேளையும் இதே. விருந்தாளி வந்தா, இத எடுத்து வைக்கக் கூச்சமா இருக்கும்" என்றாள்.

"நீங்க மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க, பாட்டி?" என்று நான் கேட்டேன்.

"சோறுதான்" என்றாள், சற்றும் யோசிக்காமல்.

கனவானின் கேள்வியும் கிழவியின் கூச்சமும் ஒரே உருண்டையைப் பற்றியவை. இரண்டும் உண்மை. ஆனால் அவர் தின்றதும் அவள் அந்த நாளில் தின்றதும் ஒரே உணவு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவருக்கு முன்னால் வேறு பத்து பண்டங்கள் இருந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டு இதைக் கேட்டார். அவளுக்கு ஒதுக்குவதற்கு எதுவும் இல்லை. 'வேண்டாம்' என்று சொல்ல முடிந்தவன் நாவில்தான் ருசி என்ற ஒன்று உண்டாகிறது. சொல்ல முடியாதவன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறான்.

நெல்லுக்கும் கேழ்வரகுக்கும் உள்ள இந்தத் தாரதம்மியம் நேற்று வந்ததல்ல. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர், இடையர் குலத்தில் பிறந்த பக்தர், 'ராமதான்ய சரிதெ' என்று ஒரு கன்னட நூல் செய்தார். நெல்லும் கேழ்வரகும் யார் பெரியவர் என்று ராமபிரான் முன்னிலையில் வழக்காடுகின்றன. இரண்டையும் ஆறு மாதம் சிறையில் வைக்கிறார் அவர். கேழ்வரகு கெடாமல் வெளியே வருகிறது. நெல் நொந்து போகிறது. தானியத்தைச் சாக்காக வைத்து மனிதரின் மேல் கீழைப் பற்றிப் பேசிய கதை என்பது சொல்லாமலே விளங்கும். ராமர் தீர்ப்புச் சொல்லியும் என்ன பயன்? ஊர் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

கேழ்வரகின் பெருமை பொய்யல்ல. மானாவாரியில் விளையும். ஆண்டுக்கணக்கில் கெடாது, மண்ணுக்குள் குழி வெட்டிக் கொட்டி மூடி வைத்தார்கள். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் அன்றைய சேலம் ஜில்லாவையும் மைசூரையும் உலுக்கியது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தன. மழையை நம்பிய அந்த மண்ணில் குழிக்குள் தானியம் வைத்திருந்தவன்தான் பாக்கியசாலி. ஆனால் இந்தப் பெருமை பயத்தில் பிறந்தது. அரிசிச் சோறு அந்த ஜனங்களுக்கு வெறும் நாகரிகம் அல்ல. பயம் விட்டுப்போனதற்கு அடையாளம். 2008-இல் ரேஷனில் அரிசி கிலோ 1 ரூபாய்க்கு வந்தது. 2011-இலிருந்து இலவசமாகவே வந்தது. பிறகு எந்தக் கிழவி துடுப்பைப் பிடித்துத் தோள் நோகக் கிண்டுவாள்?

இதற்குள் சக்கரம் திரும்பிவிட்டது. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது. அதே வருஷம் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தர ஆரம்பித்தார்கள். மத்திய சர்க்காரின் 2024-25 ஆதார விலையில் சாதாரண நெல் குவிண்டால் 2,300 ரூபாய், கேழ்வரகு 4,290 ரூபாய். ராமரின் தீர்ப்பு தாமதமாக அமலுக்கு வந்ததென்று நினைத்துக்கொள்ளலாம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஏழை கேழ்வரகை விட்டபோது அவனை இளக்காரம் செய்த அதே நாக்கு, இப்போது 'ஏன் விட்டாய்?' என்று அவனையே கடிந்துகொள்கிறது. தின்றபோதும் குற்றம், விட்டபோதும் குற்றம்!

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போச்சம்பள்ளிச் சந்தை. அந்தப் பக்கமும் சிப்காட் வந்தாகிவிட்டது. ஆலையில் வேலை செய்யும் பெண்கள் கூட்டமாக வந்து நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். 'அடடா, பாரம்பரியம் போச்சே' என்று என் வாயிலும் வந்தது, அடக்கிக்கொண்டேன். சொந்தச் சம்பளத்தில், யாரையும் கேட்காமல், அவர்கள் பிடித்ததை வாங்கித் தின்கிறார்கள். நம் பார்வைக்கு விருந்தாக அவர்கள் பாட்டி தின்றதையே தின்ன வேண்டும் என்று கேட்க நாம் யார்? வேண்டுமானால் நூடுல்ஸ் உடம்புக்கு ஆகாது என்று ஒரு வைத்தியர் சொல்லட்டும். அது வேறு விஷயம்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமா என்றால், அதுவும் சரியல்ல. கார்க்காரர் கொடுத்த காசில் கிழவியின் அடுப்பு எரிகிறது. கூச்சத்தோடு எடுத்து வைத்ததை இன்று அவள் கூச்சமில்லாமல் விற்கிறாள். அது சிறிய விஷயமா? அன்றே களியைப் புகழ்வதை நிறுத்திக்கொண்டு, "இந்த வருஷம் மழை எப்படி, பாட்டி? மாவு என்ன விலைக்கு வாங்குறீங்க?" என்று கேட்டிருந்தேன். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினாள். மழை, கூலி, பேத்தியின் கல்யாணம், கடன் எல்லாம் வந்தன. களியின் ருசியைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை.