இருவர் அமரும் நடுவுநிலை



உலகின் பகுப்புகளை உரைக்கும் ‘லோகவிபாகம்’ என்னும் நூலைச் சருவநந்தி முனிவர் கி.பி. 458இல் நிறைவு செய்த பாடலி நகரம் நம் திருப்பாதிரிப்புலியூரே என்று அறிஞர் கருதுவர். உலகின் பகுப்பை ஆராய்ந்த மண்ணில் வாழும் நாம், ஒரு வீட்டைப் பாகம் பிரிக்கும்போது உறவையும் பிரித்துவிடுகிறோம்.

ஆதிபகவனின் புதல்வர்களாகிய பரதரும் பாகுபலியும் ஆட்சியின் பொருட்டு எதிர்நின்றபோது, இருபக்கத்து அமைச்சர்களும் கூடி ஆராய்ந்தனர். படைகள் மோதாமல் உடன்பிறந்தார் இருவரே பார்வைப்போர், நீர்ப்போர், மற்போர் புரிக என முடிவு செய்தனர். பேருயிர்க்கொலை தவிர்ந்தது. ஒரு பக்கத்து அமைச்சர் மட்டும் உரைத்திருந்தால் மறுபக்கம் அதனை ஏற்றிருக்குமா?

ஒருவர் காண்பது ஒரு நயமே. பொருளோ பல தன்மைகளை உடையது. இதுவே அநேகாந்தம். ஆகவே குடும்பப் பிணக்கில் இருவர் சேர்ந்து நடுவிருத்தல் நன்று. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் 2005இல் சமரச மையம் தொடங்கப்பெற்றது முதல், பேசித் தீர்க்கும் நெறி நீதிமன்றங்களிலும் வேரூன்றியுள்ளது. ஆணும் பெண்ணுமாக இருவர் அமரும் முறையைப் பல நாடுகளில் கையாளுகின்றனர்.

இருவரும் ஆளுக்கொரு கட்சியாகிவிடலாகாது. யார் தொடங்குவது, எதை முதலில் எடுப்பது என்பதை முன்னரே பேசிக்கொள்ளல் வேண்டும். ஒருவர் வினவும்போது மற்றவர், வாய் திறவாதிருப்போரின் முகக்குறிப்பை நோக்குதல் வேண்டும். தமக்குள் கருத்து வேறுபட்டால் எழுந்து சென்று தனியே கலந்து பேசுதல் வேண்டும். தனித்துக் கேட்டதைச் சொன்னவரின் இசைவின்றி மறுதரப்பிடம் கூறலாகாது. முடிவு காண்போர் பிணக்குற்றோரே, நடுவர் அல்லர். அடியும் அச்சமும் உள்ள வீட்டிலோ, சமரசத்தை வற்புறுத்துவது அகிம்சையாகாது. பாதுகாப்பே அங்கு முதற்கடன்.

நம் இல்லங்களில் நடுவராக அமர்வோர் பெரும்பாலும் ஆடவரே. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கொத்த உரிமையை மகளுக்கும் நாடு முழுவதும் அளித்தது 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். ஆயினும் கூடத்தில் ஆடவர் பேச, கதவோரம் நிற்கும் மகளின் மௌனத்தைச் சம்மதம் என்று பத்திரத்தில் எழுதிவிடுகிறோம். நடுவர் இருவரில் ஒருவர் பெண்ணாயின், அந்த மௌனத்தின் பொருளை அருகமர்ந்து கேட்பார். கேட்டபின் அவள் விட்டுக்கொடுப்பாளாயின் அது தானம். கேளாமல் நாம் எடுத்துக்கொள்வது களவு. கள்ளாமை நம் ஐவகை நோன்புகளுள் ஒன்றன்றோ?

இனி நம் வீடுகளில் பாகப் பேச்சு எழுமாயின், பத்திரத்தாள் வாங்குமுன் இருசாராரும் நம்பும் ஆடவர் ஒருவரையும் பெண்மணி ஒருவரையும் அழைத்து அமர்த்துவோமாக.

அறம் வளர்க!