கருவிக் கலக்கமும் ஆன்ம நிலையும்

உடம்பிற் புண்பட்டாரைக் கண்டு இரங்குதல் யார்க்கும் எளிது. புண் வெளியே தோன்றாமல், அறியுங் கருவியே கலங்கி நின்றாரைக் கண்டு இரங்குதல் அத்துணை எளிதன்று. ஒருவன் கை முறிந்தால், 'அவன் கை முறிந்தது' என்பர் உலகத்தார். அவன் நினைவு தடுமாறினாலோ, 'அவனே மாறிவிட்டான்' என்பர். முன்னதில் உறுப்பின்மேல் வைத்த குறையைப் பின்னதில் உயிரின்மேல் ஏற்றிவிடுகின்றனர். இது முறையாகுமா என்பது சைவசித்தாந்த நெறிநின்று ஆராயற்பாலது. விளையாட்டுக்களிற் பன்முறை தலையில் அடியுண்டு, மூளையதிர்ச்சியின் விளைவுகளை நெடுநாட் சுமந்து வாழ்வாரது நிலை இவ்வாராய்ச்சிக்குச் சிறந்த இடமாகும்.

மூளை மண்டையோட்டினுள் நீர் சூழ அமைந்த மெல்லிய உறுப்பு. தலை நேரே மோதப்படினும், உடல் மோதுண்டு தலை சடுதியிற் குலுங்கினும் அது அதிர்கின்றது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அவற்றின் தொழில் குழம்புகின்றது. மருத்துவமனையில் வழக்கமாக எடுக்கும் படங்களிற் பெரும்பாலும் ஒன்றும் தோன்றாது. அடியுண்டாருட் பலர் சில வாரங்களில் நலம் பெறுவர். சிலர்க்கோ தலைவலி, தலைச்சுற்று, ஒளியும் ஓசையும் பொறாமை, உறக்கக்கேடு, மறதி, காரணமற்ற சினம், சோர்வு என்பன மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் நீடிக்கும்.

ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வீரர் வில் புக்கோவ்ஸ்கி 2021-ஆம் ஆண்டு சனவரியில் சிட்னியில் இந்திய அணிக்கெதிராகத் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடி, முதல் இன்னிங்ஸில் 62 ஓட்டங்கள் எடுத்தார். இளமைதொட்டே பன்முறை மூளையதிர்ச்சியுற்ற அவர், 2024 மார்ச்சில் மீண்டும் தலைக்கவசத்திற் பந்து தாக்கப் பெற்றார். ஓராண்டு கடந்தும் தொல்லைகள் நீங்காமையால் 2025 ஏப்பிரலில், 27-ஆம் வயதில், ஆட்டத்தை முற்றும் துறந்தார். அம்முதல் டெஸ்டே அவர்க்கு இறுதி டெஸ்டும் ஆயிற்று. 2003-ஆம் ஆண்டு ரக்பி உலகக்கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியினருள் ஒருவர் ஸ்டீவ் தாம்சன். தமக்கு 42 வயதிலேயே மறதிநோய் தொடங்கிற்றென்று 2020 டிசம்பரில் அறிவித்த அவர், அவ்வெற்றியே தம் நினைவில் இல்லை என்றார்.

ஈண்டு உலகாயதர் ஒரு வினாவை எழுப்புவர். 'தலையில் விழுந்த அடி நினைவை அழிக்கின்றது, குணத்தை மாற்றுகின்றது. ஆதலின் அறிவென்பது மூளையே. அதனின் வேறாக உயிரென ஒன்று உண்டென்பது வீண்' என்பது அவர் கூற்று.

அது பொருந்தாது. நோயுற்றான், 'என் நினைவு முன்போல் இல்லை' என்கின்றான். 'என் உடம்பு' என்பதில் உடையானும் உடைமையும் வேறாதல்போல, 'என் நினைவு' என்பதிலும் வேறாதல் காண்க. அவ்வாறு உணர்வதும் மூளையின் பிறிதொரு பகுதியின் தொழிலே எனின், அற்றன்று. முன்னைத் தெளிவையும் இன்றைய மயக்கத்தையும் ஒருங்கு வைத்து ஒப்பிடுவது, மாறிச்செல்லும் அவ்விரண்டனுள் ஒன்றாதல் கூடாது; இரண்டினும் நின்று இரண்டையும் தனதெனக் கொள்வதொரு பொருள் வேண்டும். அதுவே உயிர். மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உடம்பும் பொறிகளும் உயிரல்ல என்று காட்டி, நான்காஞ் சூத்திரத்தில் அந்தக்கரணங்களும் உயிரல்ல என்று நிறுவியருளியது இந்நெறி பற்றியே என்க.

ஆயின் தன் மறதியைத் தானே அறியாத அளவு கலங்கினான் திறம் என்னை எனின், அதற்கும் அந்நான்காஞ் சூத்திரமே விடை பகரும். உயிரை அரசனாகவும் அந்தக்கரணங்களை அமைச்சராகவும் வைத்து, ஆணவ மலத்தான் மறைப்புண்ட உயிர் கருவிகளைக் கூடியன்றி உணராதென்பது ஆசிரியர் துணிபு. மூளை தூலவுடம்பின் உறுப்பு. நுண்கருவியாகிய அந்தக்கரணங்கள் இவ்வுலகில் அதனைப் பற்றியே தொழிற்படும். எழுத்தாணியின் முனை மழுங்கினால் எழுத்துச் சிதையும். எழுதுவானது கல்வி சிதையாது. ஆயினும் எழுத்தாணியின்றி அவன் எழுதவும் மாட்டான்.

இவ்விரண்டு கூறும் ஒருங்கு கொள்ளற்பாலன. முதற்கூற்றை மறந்தார் நோயாளியை இழிப்பர். இரண்டாவதனை மறந்தார், 'உயிர்க்கு ஒன்றும் நேரவில்லை. மனத்திண்மையால் எழுந்திரு' என்று அவனை ஏவுவர். முன்னது கொடுமை; பின்னது அறியாமை. கருவி பழுதுற்ற இடத்து உயிர் படும் இடர் மெய்யான இடரே. வெளிப்புண் இல்லாமை நோயின்மைக்குச் சான்றாகாது.

'இஃது அவன் பிராரத்தம். நுகர்ந்தே தீரவேண்டும்' எனக் கைகட்டியிருப்பாரும் உளர். வினை நுகர்ச்சி உண்மையே. ஆயினும் கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, திருஞானசம்பந்தர் வினையென்று வாளாவிராது திருநீலகண்டத் திருப்பதிகம் பாடி அந்நோயை நீக்கியருளினார். வினையின் இயல்பறிந்தும் உய்யும் வழி நாடாமை குற்றமே என்பது அப்பதிகம் அறிவுறுத்தும் பொருள். பிறர் வினையைக் காரணங்காட்டித் தன் இரக்கத்தை மறுப்பவன் தனக்குப் புதுவினை ஈட்டுகின்றான்.

மருத்துவநூலாரும் உய்யும் வழி ஒன்று கூறுகின்றனர். 2022-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் இதுபற்றிக் கூடிய அறிஞர் அவை 2023-இல் வெளியிட்ட முடிபின்படி, முதல் ஓரிரு நாள் அளவான ஓய்வும், பின்னர்த் தொல்லை மிகாதவாறு நடத்தல் முதலிய மெல்லிய பயிற்சியும் நலம் தரும். பன்னாள் இருட்டறையில் அடைந்துகிடத்தல் நன்றன்று. நான்கு வாரங் கடந்தும் நீடிப்பின் கழுத்து, பார்வை, உடற்சமநிலை என்பவற்றைத் தனித்தனி ஆராய்ந்து மருத்துவம் செய்தல் வேண்டும். மிகையும் குறையுமின்றி நாடோறும் சிறிது சிறிதாக முயலும் இப்பொறுமை, நோன்பினின்றும் வேறன்று.

அடியுண்டும் அதனை மறைத்து ஆட்டத்தைத் தொடர்தலை வீரமென்பர். முதல் அதிர்ச்சி ஆறுமுன் மற்றொன்று நேரின் கேடு பெருகும் என்பதை நோக்கின், அது வீரமன்று. யான் எனதென்னுஞ் செருக்கே. சர்வதேசக் கிரிக்கெட்டில் 2019-ஆம் ஆண்டு முதல், மூளையதிர்ச்சியுற்றவர்க்கு மாற்றாக வேறொருவரை இறக்க விதி செய்யப்பட்டது. ஒருவன் விலகினால் அணி குறையும் என்னும் அச்சத்தை அகற்றிய அவ்விதி அறத்தின்பாற்பட்டது.

உடம்பு இறைவன் உயிர்க்கு உதவிய கருவி. அதனை வெற்றிக்காக உடைத்தல் பிழை. உடைந்தபின் அதுவே தானென மயங்கி வாழ்வை வெறுத்தலும் பிழை. தாம்சன் மறந்தது கோப்பையை வென்ற நாளை. வென்ற உயிர் மறைந்துபோகவில்லை. நினைவிழந்தார் தம்மைத் தாம் அறியாதபோதும், அறிவுக்கறிவாய் நிற்கும் சிவம் அவரை மறப்பதில்லை. அதனை உணர்ந்த சைவர், கலங்கிய கருவிக்குள் கலங்காத உறவாய் இறைவன் நிற்றலைக் கண்டு, அத்தகையாரிடத்துப் பொறுமையும் அன்பும் உடையராதல் கடன்.