புண்ணாக்கு யாருடையது?

விருதுநகர்க் கடைத்தெருவில் நடப்போருக்கு எண்ணெய் வாசனையும் மிளகாய் வற்றலின் நெடியும் ஒருசேர எதிர்ப்படும். எண்ணெய் வணிகத்தால் பெயர்பெற்ற ஊர் இது. நிலக்கடலையைப் பிழிந்து எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் புண்ணாக்கில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம் உண்டு. எண்ணெயைவிட அதுவே பெருஞ்செல்வம் என்று இன்றைய உணவு அறிவியல் சொல்கிறது.

அதைப் பிரித்தெடுக்க ஆய்வாளர்கள் கையாளும் வழிகளில் ஒன்று ஒலி. வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, நம் செவிக்கு எட்டாத ஒலியைச் சற்றே காரத்தன்மை ஏற்றிய நீரில் செலுத்துகின்றனர். நீரில் நுண்குமிழிகள் தோன்றி நொறுங்குகின்றன. அந்த அதிர்ச்சியில் விதையின் செல்சுவர்கள் உடைய, புரதம் நீரில் கரைகிறது. பின்பு நீரைப் புளிப்பாக்கினால், பால் திரிவதுபோல் அது திரண்டு படிகிறது. வெடிச்சத்தத்தோடே வாழும் நம் சிவகாசி மக்களுக்குக் கேளாத ஒலியின் இவ்வேலை வேடிக்கையாகத் தோன்றலாம்.

நோக்கம் புதிதன்று. 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு மூன்று பங்கும் கடலைப்பருப்பு மாவு ஒரு பங்கும் சேர்த்துச் சத்துமாவு ஒன்றை உருவாக்கியது. பசித்த பிள்ளைகளை எண்ணிச் செய்த நற்பணி அது. அதனை நாம் குறைகூறவில்லை.

ஆயினும், நம் பங்கில் ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கும் கைம்பெண் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "புண்ணாக்கையும் மனுசரே தின்னுட்டா மாட்டுக்கு என்னத்தப் போட, சாமி?" என்றார். நாம் விடையின்றி நின்றோம். 'கழிவு' என்ற சொல்லை அதுவரை எவ்வளவு எளிதாகப் பயன்படுத்தினோம்! எண்ணெய் ஆலைக்கு எச்சமானது அவருக்கு முதல். அதிலுள்ள புரதம் பாலாகி ஏற்கெனவே மனிதரிடம்தான் வந்துசேர்கிறது.

அறுவடையில் வயலோரத்தை ஒட்ட அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்குமாறு லேவியர் நூல் பணிக்கிறது. ரூத்து பிழைத்தது அப்படி விடப்பட்ட கதிர்களால். உரியவன் விட்டதில் இல்லாதவருக்கு உரிமை உண்டு என்றால், எச்சத்தைத் துளியும் விடாமல் வடித்தெடுக்கும் திறமை யாருடைய வயலோரத்தை அறுக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

சாறு பிழியும் ஆலைகளில் குப்பைக்குப் போகும் தக்காளி விதையிலும் புரதம் நிறைய உண்டு. ஒலிக்கருவியை முதலில் அங்கே கொண்டுபோகலாம். புண்ணாக்கில் கைவைக்குமுன் அந்தத் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும்.