மூடிய கலன்

ஒருவர்மீது நாம் கொள்ளும் அக்கறை எந்த இடத்தில் ஐயமாக மாறுகிறது? பெற்றோரும் ஆசிரியரும் ஆன்மாக்களின் மேய்ப்பரும் வாழ்வில் ஒருமுறையேனும் எதிர்கொண்டாக வேண்டிய வினா இது. இதற்கான விடையின் ஒரு பகுதியை அமெரிக்க நாட்டு வீடொன்றின் நிலவறையில் நான் கற்றுக்கொண்டேன்.

மறைப்பணிக்காக அந்நாட்டில் தங்கியிருந்த காலத்தில், பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர் என்னிடம் மிகுந்த அன்பு பாராட்டினார். பணி ஓய்வுக்குப் பின் வீட்டிலேயே பீர் வடிப்பது அவருடைய பொழுதுபோக்கு. 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் ஒன்று, வீட்டுத் தேவைக்கென அளவோடு பீர் தயாரிப்பதை அந்நாட்டில் வரியின்றி அனுமதித்தது. மதுவால் சிதைந்த குடும்பங்களை நம் ஊர்களில் கண்டு கலங்கிய எனக்கு இது முதலில் உறுத்தலாகவே இருந்தது. மதுவைப் போற்றுவதற்காக இதை எழுதவில்லை. அன்று நான் கண்ட ஒரு பொறுமையைப் பற்றியே எழுதுகிறேன்.

அதுவரை அவர் கண்ணாடிக் குடுவையில்தான் நொதிக்க வைத்துவந்தார். முதன்முறையாக எஃகுக் கலனில் செய்யப்போவதாகக் கூறி என்னை அழைத்தார். முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்பு நீரை, ஹாப்ஸ் பூக்களோடு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு ஆற்றினார். 19 லிட்டர் கொள்ளும் கலனில் நுரை எழும்ப இடம்விட்டு, ஏறக்குறைய 16 லிட்டர் மட்டுமே ஊற்றினார். ஈஸ்ட்டைத் தூவி மூடினார். வாயு வெளியேறுவதற்காக ஒரு குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீர் நிறைந்த போத்தலுக்குள் விட்டார். அன்றைய உழைப்பில் பெரும்பகுதி கலன்களைக் கழுவித் தூய்மை செய்வதிலேயே கழிந்தது.

ஈஸ்ட் சர்க்கரையை உண்டு, சாராயச் சத்தையும் கரியமில வாயுவையும் தருகிறது. கண்ணாடிக் குடுவையில் நுரை பொங்குவதைக் கண்ணாரக் காணலாம். எஃகுக் கலனோ எதையும் காட்டாது. போத்தல் நீரில் எழும் குமிழிகளே ஒரே அடையாளம்.

இரண்டாம் நாள் மாலை சென்று பார்த்தேன். ஒரு குமிழிகூட எழவில்லை. ஈஸ்ட் இறந்துவிட்டதோ என்று முதியவரின் முகம் வாடியிருந்தது. “மூடியைச் சற்றே திறந்து பார்த்துவிடலாமே” என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார்.

“திறந்தால் எனக்கு நிம்மதி கிடைக்கும், ஃபாதர். அதற்கு என்ன கிடைக்கும்?”

திறந்தால் காற்றும் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களும் உள்ளே புகும், சுவை கெடும். அவர் குனிந்து கலனின்மீது உள்ளங்கையை வைத்தார். என் கையையும் பிடித்து வைத்தார். எஃகு, அறையைவிட வெதுவெதுப்பாக இருந்தது. நொதித்தல் நடக்கும்போது வெப்பம் பிறக்கும். அடுத்துச் சோப்பு நீரை மூடியின் விளிம்பில் தடவினார். மறுகணமே அங்கே சிறுசிறு குமிழிகள் பூத்தன. உள்ளே உயிர் இயங்கிக்கொண்டுதான் இருந்தது. மூடி சரியாகப் பொருந்தாததால், வாயு குழாய்க்கு வராமல் விளிம்பின் வழியே கசிந்திருக்கிறது. உருளையிலிருந்து சிறிது கரியமில வாயுவைக் கலனுக்குள் செலுத்தினார். அந்த அழுத்தத்தில் மூடி ரப்பர் வளையத்தோடு இறுகிப் பொருந்தியது. சிறிது நேரத்தில் போத்தல் நீர் பேசத் தொடங்கியது.

அவருடைய கேள்வி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் மாணவர் விடுதி ஒன்றின் காப்பாளராக இருந்தேன். மாணவர்களுக்கு வரும் கடிதங்களையும் அவர்கள் எழுதும் கடிதங்களையும் பிரித்துப் படிப்பது அன்றைய வழக்கம். அதை நான் அக்கறை என்றே நம்பினேன். ஒருநாள், தந்தை கடனில் சிக்கியிருப்பதாக ஒரு சிறுவனுக்கு வந்த கடிதத்தைப் படித்தேன். அதை அவனிடம் கொடுப்பதற்கு முன்பே, அவனை அழைத்து ஆறுதல் கூறத் தொடங்கிவிட்டேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அதன்பின் அவன் எழுதிய கடிதங்களில் ‘நான் நலம், நீங்கள் நலமா’ என்பதற்கு மேல் எதுவும் இருக்கவில்லை. என்னிடமும் அவன் மனம்விட்டுப் பேசவில்லை. ஆண்டு முடிவில் விடுதியைவிட்டுச் சென்றான். அவன் உள்ளத்தைக் காண விரும்பித் திறந்தேன்; காண்பதற்கு அங்கே ஒன்றும் எஞ்சவில்லை. திறந்ததால் எனக்கு நிம்மதி கிடைத்தது. அவனுக்கு என்ன கிடைத்தது?

பிறரை நம்புவது என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதா எனச் சிலர் கேட்கலாம். அந்த முதியவர் எதையும் விட்டுவிடவில்லை. மூடுவதற்கு முன் தூய்மை செய்தார். உள்ளே எழும் வாயு வெளியேற வழி வைத்தார். மூடிய பின் கைதொட்டு உணரும் தொலைவிலேயே இருந்தார். வழியே இல்லாமல் கலனை அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் பெருகி ஆபத்தாக முடிந்திருக்கும். பிள்ளைகளுக்கும் இவையே தேவை: முன்கூட்டியே நல்ல பயிற்சி, மனத்தின் அழுத்தத்தை வெளியிட ஒரு வழி, அருகிலேயே ஒரு கை. உண்மையான ஆபத்து நேர்ந்தால் திறப்பதே கடமை. அப்போது தயங்குவது பாவம். ஆனால் திறக்கும் முன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்: நான் திறப்பது அந்தப் பிள்ளையின் நலனுக்காகவா, என் கலக்கம் தணிவதற்காகவா?

மனிதர் பீர் வடித்துவந்த நெடுங்காலத்தில், உள்ளே வேலை செய்வது யார் என்பதையே அவர்கள் அறியவில்லை. 1516இல் பவேரியாவில் இயற்றப்பட்ட புகழ்பெற்ற சட்டம், பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை. லூயி பாஸ்டர் பீரைக் குறித்த தம் ஆய்வு நூலை வெளியிட்டது 1876இல்தான். ஆயினும் 15ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் நாரிச் நகரில், பீர் வடிப்போர் அந்த நுரையைக் ‘கடவுளின் நன்மை’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். அறியாத ஒன்றைத் தமது உழைப்பின் கணக்கில் எழுதிக்கொள்ளாத அந்தப் பணிவு என்னை வியக்கவைக்கிறது.

மாற்கு மட்டுமே நமக்குத் தந்திருக்கும் சிறிய உவமை ஒன்று உண்டு. விதைத்தவன் உறங்கி எழுகிறான். விதை எப்படி வளர்கிறது என்பதை அவன் அறியான். அவன் இரவில் எழுந்து மண்ணைத் தோண்டிப் பார்த்ததாக ஆண்டவர் கூறவில்லை. வளரச் செய்கிறவர் வேறொருவர் என்பதை ஏற்றுக்கொண்டவனுக்கே உறக்கம் வரும்.

இரு வாரங்களுக்குப் பின் கலன் அமைதியடைந்தது. அதிலிருந்து வந்ததை நான் ஒரு வாய் மட்டுமே சுவைத்தேன், நன்றாகவே இருந்தது. ஆனால் நான் வீட்டுக்கு எடுத்துச் சென்றது அந்த எஃகின் வெதுவெதுப்பைத்தான். விடுதியைவிட்டுச் சென்ற அந்தச் சிறுவன் இன்று எங்கே இருக்கிறான் என அறியேன். அவனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றிருக்கிறது. யாரும் பிரித்துப் படிக்காத கடிதம்.