உடையை வாசிப்பவர் யார்?

மாலை வேளைகளில் குடாநாட்டின் சந்திகளில் மதகின்மீது அமர்ந்து, கைத்தொலைபேசியின்மேல் குனிந்திருக்கும் வாலிபர்களை நாம் காணாத நாளில்லை. அவர்களிற் பலர் ஆடுவது ‘ஃப்ரீ ஃபயர்’, அல்லது ‘பப்ஜி’. முன்பின் அறியாத ஐம்பது பேரோ நூறு பேரோ தீவொன்றில் இறங்கி, ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்த, இறுதியில் எஞ்சுபவர் வெல்வதே ஆட்டத்தின் விதி. அருகே சற்று நின்றால் இத்தகைய பேச்சுக் காதில் விழும்: “இவன் வெறும் ஆதாமடா, பயப்பிடாம ஏறி அடி.” “அந்த உடுப்புக்காரன் காசு கொட்டினவன், பொறு.”

ஆதாம் என்பது ஃப்ரீ ஃபயரிற் புதிதாகச் சேர்பவனுக்கு இலவசமாகக் கிடைக்கும் உருவம். காசு கொடுத்து வேறுருவமும் உடையும் பெறாதவன் அந்த உருவத்தோடேயே அலைகிறான். அவன் குறிபார்க்கும் திறன் என்ன, அனுபவம் என்ன என்பதை எவரும் கேட்பதில்லை. உடையே அவனுடைய வரலாறாகிவிடுகிறது.

இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் இவ்விளையாட்டின் அடியில் பழைய அறக்கேள்வி ஒன்று கிடக்கிறது. எதிரே நிற்பவனின் உடையை வாசித்து அவனை எடைபோட எனக்கு உரிமை உண்டா? வாசிக்க இடங்கொடாது நிற்க அவனுக்கு உரிமை உண்டா?

ஆட்டக்காரரின் முறைப்பாட்டை முதலிற் கேட்போம். பப்ஜியில் தலைக்கவசம் மூன்று தரத்தது. முகம் முழுவதையும் மூடும் மூன்றாந்தரக் கவசத்தைக் கண்டவன், மோதுவதா விலகுவதா என்று தீர்மானிக்கிறான். 2007 ஆம் ஆண்டு வெளிவந்த ‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ என்ற ஆட்டத்தை அமைத்தவர்கள், தொலைவிலிருந்து நிழலுருவைக் கண்டாலே ஒன்பது வகைப் போராளருள் எவர் வருகிறார் என்று தெரியும்படி வரைந்தனர். என்னைத் தாக்க வல்லது எதுவோ அது என் கண்ணுக்குப் புலப்படவேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. பின்னர் உடை விற்பனைச் சரக்காயிற்று. 2020 இல் ‘கோல் ஒஃப் டியூட்டி’ ஆட்டத்தில் ‘ரோஸ்’ என்னும் பாத்திரத்துக்கு ஒரு கரிய உடை வந்தது. அதை அணிந்தவர் இருண்ட மூலையில் நின்றால் எதிரிக்குத் தெரிவதில்லை. ஆட்டக்காரர் ஓயாது முறையிட்டபின், 2021 இலேயே அதன் நிறம் வெளிறாக்கப்பட்டது. ஃப்ரீ ஃபயரிலோ துப்பாக்கிக்கு வாங்கும் மேற்பூச்சுக்கள் பல அதன் வலுவையே மாற்றுகின்றன. அழகு என்ற பெயரில் இங்கு விலைபோவது அதிகாரம். ஆகவே “உன்னை நான் வாசிக்க வேண்டும்” என்ற முறைப்பாட்டில் நியாயம் உண்டு.

ஆனால் யாழ்ப்பாணத்தில் வாழும் நாம் இவ்வாசகத்தை வேறொரு வாயிலிருந்தும் கேட்டிருக்கிறோம்.

ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் மார்பை மறைத்து மேலாடை அணியலாகாது. ஆண் சட்டை அணியலாகாது. தோளிற் சால்வை இருந்தால் உயர்சாதியான் எதிர்ப்படும்போது அதை எடுத்து இடுப்பிற் கட்டவேண்டும். இவை இம்மண்ணில் நிலவிய கட்டுப்பாடுகள். வருபவன் யார் என்பதைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஏழை ஒருவன் சட்டை அணிந்தது ஏன் குற்றமாயிற்று? அவனுடைய ‘தரத்தை’ வாசிக்கமுடியாமற் போனதே குற்றம்! தென் திருவிதாங்கூரின் தோள்சீலைப் போராட்டமும் இதற்குச் சான்று. 1859 ஆம் ஆண்டின் அரசப் பிரகடனம் நாடார் பெண்கள் மேலுடலை மறைக்க அனுமதித்தது. ஆயினும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தலாகாது என்றும் விதித்தது. மானத்தை விட்டுக்கொடுக்க இசைந்த ஆளும் வர்க்கம், வாசிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க இசையவில்லை.

அந்த உரிமையை இங்குள்ள மக்கள் போராடியே தகர்த்தனர். 1930 ஆம் ஆண்டளவில் பாடசாலைகளில் சமஆசனம் கோரப்பட்டபோது பாடசாலைகளுக்குத் தீ வைக்கவும் ஆட்கள் இருந்தார்கள். 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தபின்பும் கதவுகள் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திற் புறப்பட்ட ஊர்வலமும், 1968 இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அக்கதவுகளை அசைத்தன.

ஒரே கோரிக்கை ஓரிடத்தில் நியாயமாகவும் மற்றோரிடத்தில் அநியாயமாகவும் இருப்பதெப்படி? விடையை இம்மண்ணின் அண்மைக்கால வரலாறே தருகிறது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் நாம் வரிசையில் நின்று வாசிக்கப்பட்டோம். சுற்றிவளைப்புக்களின்போது முகமூடியிட்டு நிறுத்தப்பட்ட ‘தலையாட்டி’ எம்மை ஒவ்வொருவராகப் பார்த்தான்; அவன் யாரென்று எமக்குத் தெரியாது. அவன் தலையசைத்தால் ஒருவனுடைய வாழ்வு முடிந்தது. தான் வாசிக்கப்படாமல் பிறரை வாசிப்பதே கொடுங்கோன்மையின் இலட்சணம்.

எனவே அளவுகோல் இதுதான்: பிறரைத் தாக்கவல்ல வலு, தாக்கப்படக்கூடியவரின் கண்ணுக்கு வெளிப்படையாயிருக்க வேண்டும், வலுவற்றவன் தன் நிலையை உடலிற் சுமந்து காட்டவேண்டியதில்லை. மூன்றாந்தரக் கவசத்தை வாசிப்பது முதல் வகை. “வெறும் ஆதாம்” என்பது இரண்டாம் வகை. அது கவசத்தையன்று, பணப்பையை வாசிக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நாட்கூலிக்குச் செல்லும் வாலிபன், தொலைபேசிக்கு ‘ரீலோட்’ போடும் காசில் மிச்சம்பிடித்து ஓர் உடை வாங்குகிறான். அவனும் அன்று சால்வையைத் தோளிலிட்டு நடந்தவனைப்போல் மதிப்பைத்தானே தேடுகிறான்? உண்மை, அந்த ஏக்கத்தை எள்ளி நகையாடுவது அற்பத்தனம். ஆனால் சால்வையை இடுப்புக்கு இறக்க மறுத்தவன் தன்னோடு தன் இனத்தார் அனைவரின் தோளையும் நிமிர்த்தினான். கடையில் உடை வாங்குபவன் தான்மட்டும் ஆதாம் நிலையிலிருந்து தப்புகிறான். வாங்கமுடியாத நண்பன் முன்னிலும் வெறுமையாகிறான். ஏளனம் ஒழிந்தால் அந்த வியாபாரம் படுத்துவிடும். ஆதலின் அது ஏளனத்தை ஒழிக்காது, அதற்கு விலை குறிக்கும்.

ஆசிரியர்கள் இதனைத் தொலைபேசியோடு நிறுத்திவிடலாகாது. இந்நாட்டில் 1993 முதல் மாணவர்க்குச் சீருடைத் துணி இலவசமாக வழங்கப்படுகிறது. வெள்ளை உடுப்பில் எவர் பிள்ளை என்று தெரியாதிருப்பது பெரும் பேறு. ஆயினும் அவ்வெள்ளைக்குக் கீழே சப்பாத்தையும், தோளிலே புத்தகப்பையையும் நாம் வாசிக்கிறோம். யாரை முன்வரிசைக்கு அழைப்பது, யாருடைய பிழையை மன்னிப்பது என்று அந்த வாசிப்பின்படியே சிலவேளை தீர்மானித்தும் விடுகிறோம். மதகில் இருக்கும் வாலிபன் “வெறும் ஆதாம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டது விளையாட்டிலிருந்து மட்டுமா, எம் வகுப்பறையிலிருந்துமா? அவனைக் கண்டிக்கப் புறப்படுமுன் இக்கேள்விக்கு நாம் விடை சொல்லவேண்டும்.